ஹீட்டர் நின்றுபோன இரவில் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

வீடுகளில் ஹீட்டிங் வேலை பார்ப்பவன் நான். கேஸை எரித்துக் காற்றைச் சூடாக்கும் ஃபர்னஸ், தண்ணீரைச் சூடாக்கி அறைகளுக்கு அனுப்பும் பாய்லர், எண்ணெயை எரிக்கும் ஆயில் பர்னர், வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் ஹீட் பம்ப் எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறேன். குளிர் இறங்கியதும் அடிக்க ஆரம்பிக்கிற போன் பனி கரையும்வரை ஓயாது, கேட்கிற கேள்விகளும் அநேகமாக அதே கேள்விகள்தான். போனில் அவசரமாகச் சொல்வதைவிட நிதானமாக எழுதிவைத்தால், நடுராத்திரியில் குழந்தையைப் போர்வைக்குள் அணைத்துக்கொண்டு தவிக்கிற யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் தானாக நின்றுவிட்டது என்றால், அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் உங்களுக்காக அதை நிறுத்தியிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அந்த ஸ்விட்ச்சை ஏமாற்றி ஓடவைக்கக் கூடாது, ஏன் நிறுத்தியது என்று பார்க்க வேண்டும். கீழே நான் சொல்லும் பாதி பதில்கள் இதிலிருந்து வருபவைதான்.

ஹீட்டர் ஓடவே இல்லை. ஆளைக் கூப்பிடும் முன் நானே எதையெல்லாம் பார்க்கலாம்?

எவ்வளவு சூடு வேண்டும் என்று ஹீட்டருக்குச் சொல்லும் தெர்மோஸ்டாட்டில் ஆரம்பியுங்கள். அது ஹீட் என்ற நிலையில் இருக்கிறதா, கேட்கும் வெப்பம் அறையின் வெப்பத்தைவிடக் கூடுதலாக வைக்கப்பட்டிருக்கிறதா, பேட்டரி தீர்ந்துவிட்டதா? திரையில் எழுத்து தெரிகிறது என்பதற்காகப் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, மாற்றிப் பாருங்கள். அடுத்து பிரேக்கர். அப்புறம் ஹீட்டர் பக்கத்துச் சுவரிலோ படிக்கட்டின் தலைப்பிலோ விளக்கு ஸ்விட்ச் போலவே ஒரு ஸ்விட்ச் இருக்கும், அது ஹீட்டருக்கான மின்சார ஸ்விட்ச். யாராவது விளக்கு என்று நினைத்து அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இந்த ஒரு ஸ்விட்ச்சுக்காக மட்டும் எத்தனையோ தடவை பனியில் வண்டி ஓட்டிப் போயிருக்கிறேன், காசு கொடுக்கும்போது அந்த வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கும்.

அதுவும் சரி என்றால் ஃபர்னஸின் முன்பக்கத் தகடு ஒழுங்காகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு, தகடு கொஞ்சம் விலகினாலும் எல்லாம் நின்றுவிடும். ஃபில்டர் மாற்றிய மறுநாள் ஹீட்டர் நின்றுபோனால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கடைசியாக, வீட்டுக்கு வெளியே போய் புகைக்குழாயையும் காற்று உள்ளே வரும் குழாயையும் பாருங்கள். புதிய ஹீட்டர்களில் இவை சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளை பிளாஸ்டிக் குழாய்களாக நீட்டிக்கொண்டிருக்கும். பனி குவிந்து மூடினால் ஹீட்டர் நிற்கும், நிற்கத்தான் வேண்டும். கையால் பனியை விலக்குங்கள், மண்வெட்டியால் குத்தினால் குழாய் உடைந்துவிடும்.

அழுக்கு ஃபில்டர் எப்படி ஹீட்டரையே நிறுத்தும்?

நெருப்பு உருவாக்கும் சூட்டை வீட்டுக்குள் எடுத்துச் செல்வது காற்று. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் காற்று குறைகிறது, சூடு போக வழியில்லாமல் வெப்பமாற்றியிலேயே, அதாவது நெருப்பையும் புகையையும் வீட்டுக் காற்றோடு கலக்காமல் பிரித்துவைக்கும் உலோகக் கூட்டிலேயே தங்குகிறது. அந்த உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகும்போது லிமிட் ஸ்விட்ச் நெருப்பை அணைத்துவிடும். ஆறியதும் மறுபடி எரியும், சில நிமிடத்தில் மறுபடி அணையும். வீட்டில் இருப்பவருக்கு "ஹீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, வீடு மட்டும் சூடாகவில்லை" என்று தோன்றும். இப்படியே ஒரு குளிர்காலம் முழுக்கச் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்த உலோகம் விரிந்து சுருங்கி ஒருநாள் விரிசல் விடுகிறது. மாற்றாமல் விட்ட ஒரு ஃபில்டர், முழு ஹீட்டரையும் மாற்றும் செலவில் கொண்டுபோய் விடுவது இந்த வழியில்தான்.

ஒரு அங்குல தடிமன் ஃபில்டர் என்றால் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை வெளியே இழுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். நாய், பூனை இருக்கும் வீட்டில் சீக்கிரமே அடைக்கும். ஃபில்டரின் விளிம்புச் சட்டத்தில் இருக்கும் அம்புக்குறி காற்று போகும் திசையில், அதாவது ஹீட்டரை நோக்கி இருக்க வேண்டும். இன்னொன்று, மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் என்று எழுதியிருக்கும் கெட்டியான ஃபில்டரை எல்லா ஹீட்டரிலும் போடலாம் என்று நினைக்காதீர்கள். புதிதாக இருக்கும்போதே அது காற்றைத் தடுக்கும், உங்கள் ஃபேன் அதற்கு ஈடுகொடுக்குமா என்று கேட்டுக்கொண்டு போடுங்கள்.

எரிய ஆரம்பிக்கிறது, சில நொடிகளில் அணைந்துவிடுகிறது. மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு அமைதியாகிவிடுகிறது. என்ன கோளாறு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் இதற்குப் பதில் தெரிந்தால் உங்கள் ஃபர்னஸ் என்ன செய்கிறது என்பதே புரிந்துவிடும். பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள்.

தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் முதலில் ஒரு சின்ன ஃபேன் சுற்றும் சத்தம் வரும். அது புகையை வெளியே இழுக்கும் ஃபேன். அது உண்மையிலேயே இழுக்கிறதா என்று ஒரு பிரஷர் ஸ்விட்ச் பார்த்துக்கொள்ளும். புகைக்குழாய் அடைத்திருந்தாலோ, புகையிலிருந்து சொட்டும் தண்ணீரை வெளியேற்றும் வடிகுழாயில் தண்ணீர் தேங்கியிருந்தாலோ இங்கேயே நின்றுவிடும், நெருப்பு வராது. எல்லாம் சரி என்றால் நெருப்பைப் பற்றவைக்கும் இக்னைட்டர் செக்கச் சிவக்கும், அதன் சூடு 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிறகு 'டக்' என்று கேஸ் வால்வு திறக்கும், நெருப்பு பிடிக்கும். நெருப்பு உண்மையாகவே பிடித்ததா, இல்லை எரியாத கேஸ் வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறதா என்று அடுத்த சில நொடிக்குள் ஹீட்டருக்குத் தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்வது ஃபிளேம் சென்சார் என்ற ஒரு மெல்லிய கம்பி. அந்தக் கம்பி நெருப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், நெருப்பு வழியாக மிகச் சிறிய மின்சாரம் பாயும், சில மைக்ரோ ஆம்ப், அதாவது ஒரு ஆம்பியரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பங்கு. அந்த மின்சாரம் வந்தால் நெருப்பு இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் வால்வை மூடு.

கம்பியின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் படிந்துவிட்டால், நெருப்பு நன்றாக எரிந்தாலும் மின்சாரம் பாயாது. ஹீட்டர் "நெருப்பு இல்லை" என்று முடிவுகட்டி அணைத்துவிடும். சில தடவை முயன்று பார்த்துவிட்டுப் பூட்டிக்கொள்ளும். பெரும்பாலும் அந்தக் கம்பியைக் கழற்றி நைஸான ஸ்டீல் வுல்லால் துடைத்து மாட்டினால் தீர்ந்தது. முரட்டு உப்புத்தாள் வேண்டாம், அது போடும் கீறல்களில் படலம் இன்னும் சீக்கிரம் படியும். பக்கத்திலேயே இருக்கும் இக்னைட்டரில் மட்டும் விரல் படக் கூடாது. கண்ணாடி மாதிரி உடையும் பொருள் அது, கையின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் அந்த இடத்திலேயே விரிசல் விட்டுப் போகும்.

இதை நீங்களே செய்யலாமா? மின்சாரத்தையும் கேஸையும் நிறுத்திவிட்டு ஒரு திருகாணியைக் கழற்றத் தெரிந்தவர் செய்யலாம். தயக்கம் இருந்தால் தொடாதீர்கள், எங்களுக்கு அது பத்து நிமிட வேலை. அப்புறம், துடைத்த ஒரு மாதத்தில் மறுபடி அதே கோளாறு வந்தால் குற்றம் கம்பியில் இல்லை, எர்த் இணைப்பிலோ பர்னரிலோ கேஸ் அழுத்தத்திலோ இருக்கிறது. சும்மா துடைத்துவிட்டுப் போகிறவரை அப்போது நம்பாதீர்கள்.

ஆயில் பர்னரில் இருக்கும் சிவப்பு ரீசெட் பட்டனை எத்தனை தடவை அழுத்தலாம்?

ஒரே தடவை. அதற்கு மேல் தயவுசெய்து வேண்டாம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் எரிஅறைக்குள் ஆயில் பீய்ச்சப்படுகிறது. எரியாமல் நான்கைந்து தடவை அழுத்தினால் அத்தனை ஆயிலும் அடியில் தேங்கும், ஆறாவது தடவை தீப்பற்றினால் மொத்தமும் ஒரே நேரத்தில் எரியும். கதவு பிய்ந்து, வீடு முழுக்கக் கரி படிந்து போன இடங்களைச் சுத்தம் செய்ய நான் போயிருக்கிறேன். ஒரு தடவை அழுத்தி எரியவில்லை என்றால் டேங்கில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள், இருக்கிறது என்றால் போன் செய்யுங்கள். வரும் ஆளிடம் எத்தனை தடவை அழுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அவர் உயிர் சம்பந்தப்பட்டது அது. ஆயில் தீர்ந்து நின்றிருந்தால், டேங்கை நிரப்பியது மட்டும் போதாது, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தது. ஜன்னலைத் திறந்ததும் நின்றுவிட்டது. பழுதான அலாரமா?

இல்லை. பழுது என்று நினைத்து பேட்டரியைக் கழற்றிவிட்டுப் படுத்தவர்களைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். ஜன்னல் திறந்ததும் அளவு குறைந்தது, அதனால் நின்றது, அவ்வளவுதான். அது சரியாக வேலை செய்ததற்கு அடையாளமே அதுதான்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை, கண் எரியாது, இருமல் வராது. இரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், சோர்வு என்று சளிக்காய்ச்சல் வருவதுபோலவே இருக்கும், ஆனால் காய்ச்சல் அடிக்காது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் சரியாகிறது, திரும்பி வந்தால் மறுபடி வருகிறது என்றால் ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள். எல்லோரும் வெளியேறுங்கள், தூங்கும் குழந்தையையும் வளர்ப்புப் பிராணியையும் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள், வெளியில் நின்று தீயணைப்பு நிலையத்துக்கோ அவசர எண்ணுக்கோ கூப்பிடுங்கள். எனக்கு அப்புறம் கூப்பிடலாம். அவர்கள் அளந்து பார்த்து உள்ளே போகலாம் என்று சொன்ன பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

அலாரத்தைப் பற்றி இரண்டு விஷயம். அளவு குறைவாக இருந்தால் அது உடனே அடிக்காது, ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும், அளவு கூடக்கூட சில நிமிடத்திலேயே அடிக்கும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஆகவே அது அடித்தால் விஷயம் ஏற்கனவே கொஞ்ச நேரமாக நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டாவது, அலாரத்துக்கு ஆயுள் உண்டு, மாடலைப் பொறுத்து 5 முதல் 10 வருடம். பின்பக்கம் தேதி அச்சிட்டிருக்கும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் வரும் சத்தம் பேட்டரியும் ஒலிப்பானும் வேலை செய்கின்றன என்று மட்டும்தான் சொல்லும், உள்ளே இருக்கும் சென்சார் செத்துப்போயிருந்தாலும் அந்தச் சத்தம் வரும். தேதி தாண்டியிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள், தூங்கும் அறைகளுக்குப் பக்கத்தில் ஒன்று, ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று.

கேஸ் வாசனை வந்தால்?

வெளியே போங்கள். ஸ்விட்ச்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், போனைக்கூட வெளியில் போய் எடுங்கள். கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது, கசிவு தெரியட்டும் என்றே நாற்றமெடுக்கும் ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். மூக்கு அந்த வாசனைக்குச் சீக்கிரம் பழகிவிடும், அதனால் "இப்போது வரவில்லையே" என்று திரும்பி உள்ளே போகாதீர்கள்.

பாய்லரின் சுடுதண்ணீர் ஓடும் ரேடியேட்டரின் அடியில் சூடு, தலையில் ஜில்லென்று இருக்கிறது. ஏன்?

உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, ஓரத்தில் இருக்கும் சின்ன வால்வைச் சாவியால் அரைச் சுற்று திருப்புங்கள், கீழே ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். உஸ்ஸென்று காற்று போய், தண்ணீர் வந்ததும் மூடிவிடுங்கள். பிறகு பாய்லரின் பிரஷர் மீட்டரைப் பாருங்கள். ஆறியிருக்கும்போது பொதுவாக 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இருக்க வேண்டும், குறைந்திருந்தால் கொஞ்சம் தண்ணீர் ஏற்றுங்கள்.

தலையில் சூடு, அடியில் நடுப்பகுதி மட்டும் குளிர்ச்சி என்றால் கதை வேறு. அது காற்றில்லை, கறுப்புச் சேறு. குழாயும் ரேடியேட்டரும் உள்ளுக்குள் துருப்பிடித்து அந்தத் தூள் அடியில் படிந்திருக்கிறது. அதைக் கழுவி எடுக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை பாய்லரில் தண்ணீர் ஏற்ற வேண்டியிருக்கிறது. அப்படியே ஏற்றிக்கொண்டிருக்கலாமா?

கூடாது. மூடிய அமைப்பில் தண்ணீர் குறையவே கூடாது. எங்கோ கசிகிறது, இல்லையென்றால் எக்ஸ்பான்ஷன் டேங்கில் காற்று போய்விட்டது. தண்ணீர் சூடானால் விரியும், அந்த விரிவுக்கு இடம் கொடுப்பதுதான் அந்த டேங்கின் வேலை. அதில் காற்று இல்லையென்றால் பிரஷர் 3 பாரை எட்டி, ரிலீஃப் வால்வு திறந்து தண்ணீரை வெளியே கொட்டும். ஆறியதும் மீட்டர் பூஜ்யத்தைக் காட்டும், நீங்கள் ஏற்றுவீர்கள், மறுபடி கொட்டும். சூடாகும்போது முள் சரசரவென்று ஏறி, ஆறும்போது அடிமட்டத்துக்கு இறங்குகிறது என்று போனில் சொன்னால் போதும், பம்பும் புது டேங்கும் எடுத்துக்கொண்டே வருவேன். ஒவ்வொரு முறை ஏற்றும் புதுத் தண்ணீரிலும் ஆக்சிஜன் இருக்கிறது. மேலே சொன்ன கறுப்புச் சேறு அதனால்தான் உருவாகிறது.

ஹீட் பம்பின் வெளி யூனிட்டில் வெள்ளையாகப் பனி படிகிறது, திடீரென்று புகை வருகிறது. எரிகிறதா?

எரியவில்லை, அது நீராவி. வெளிக்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சும்போது அந்த யூனிட்டின் குழாய்ச்சுருள் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது, காற்றின் ஈரம் அதன் மேல் பனியாகப் படிகிறது. அவ்வப்போது யூனிட் திசை மாறி, வீட்டுச் சூட்டைக் கொஞ்சம் எடுத்து அந்தப் பனியைக் கரைக்கிறது. அந்தச் சில நிமிடங்கள் வெளி ஃபேன் நின்றுவிடும், ஆவி கிளம்பும், வீட்டுக்குள் காற்று குளிர்ச்சியாகக்கூட வரும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மணிக்கணக்கில் பனி கரையாமல் கெட்டி ஐஸாகி, ஃபேன் இறக்கை வரை ஏறிவிட்டால் அணைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். கத்தியாலோ சுத்தியலாலோ தட்டி எடுக்காதீர்கள், அந்த மெல்லிய தகடுகளுக்குப் பின்னால் குளிரூட்டி வாயு ஓடும் குழாய் இருக்கிறது.

சீக்கிரம் சூடாக தெர்மோஸ்டாட்டை 30-க்கு ஏற்றலாமா?

சாதாரண ஹீட்டருக்கு எரி, அணை என்ற இரண்டு கட்டளைதான் தெரியும். 21-க்கு வைத்தாலும் 30-க்கு வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் சூடாகும், பிறகு வியர்த்துப்போய் எழுந்து குறைப்பீர்கள். ஹீட் பம்பில் இது நஷ்டமும்கூட, ஏனென்றால் இடைவெளி பெரிது என்று கண்டால் அது மின்சாரத்தை வாரி இழுக்கும் துணை ஹீட்டரைக் கூப்பிட்டுவிடும்.

சில நாள் ஊரில் இருக்க மாட்டோம். முழுக்க அணைத்துவிட்டுப் போகலாமா?

வேண்டாம், 13 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். குழாய்க்குள் ஐஸ் ஒரு அடைப்பான் மாதிரி வளர்ந்து, அதற்கும் மூடிய டேப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரை நெருக்கும், அந்த அழுத்தத்தில்தான் குழாய் வெடிக்கிறது. உறைந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. வெயில் வந்து கரையும் அன்றுதான் வீட்டுக்குள் தண்ணீர் கொட்டும். மெயின் வால்வை மூடிவிட்டுப் போவது நல்லது, பாய்லர் இருக்கும் வீட்டில் அதன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டு மூடுங்கள்.

நீங்கள் வர நாளைக் காலை ஆகுமாம். அதுவரை என்ன செய்வது?

எல்லோரும் ஒரே அறைக்கு வாருங்கள், கதவைச் சாத்துங்கள், சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவுகளைத் திறந்துவையுங்கள், வெளிச்சுவரை ஒட்டிய டேப்பைச் சொட்டுச் சொட்டாக ஓடவிடுங்கள். மின்சார ஹீட்டர் இருந்தால் சுவரில் இருக்கும் பிளக்கிலேயே நேராகச் சொருகுங்கள், எக்ஸ்டென்ஷன் வயர் அந்தச் சுமையைத் தாங்காமல் உருகும். திரையும் மெத்தையும் அதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

கேஸ் அடுப்பையோ ஓவனையோ எரியவிட்டுக் குளிர்காயாதீர்கள். கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது, ஜன்னல் திறந்திருந்தாலும் கூடாது. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வெளியே நிற்க வேண்டும், கராஜ் கதவு திறந்திருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. அந்த ஒரு ராத்திரி குளிரைத் தாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம், தட்டக் கூச்சப்படாதீர்கள்.

ஏன் எனக்கு முன்னால் வேறு வீட்டுக்குப் போகிறீர்கள்? நான்தான் முதலில் கூப்பிட்டேன்.

கடும் குளிர் நாளில் கூப்பிட்ட வரிசையில் போவதில்லை. கைக்குழந்தை, வயதானவர், ஆக்சிஜன் மெஷினில் இருப்பவர் உள்ள வீடு முதலில். ஒரு துளியும் சூடில்லாத வீடு அடுத்தது. மாடி மட்டும் குளிர்கிறது, சத்தம் மட்டும் வருகிறது என்றால் காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் கூப்பிடும்போதே வீட்டில் யார் இருக்கிறார்கள், உள்ளே இப்போது எத்தனை டிகிரி, ஹீட்டரின் பிராண்டும் மாடல் எண்ணும் என்ன என்று சொல்லிவிடுங்கள். ஃபர்னஸின் கண்ணாடித் துளைக்குள் ஒரு சின்ன விளக்கு மினுக்கும், எத்தனை தடவை மினுக்கிவிட்டு நிற்கிறது என்று எண்ணுங்கள். அதுதான் கோளாறின் குறியீடு. மின்சாரத்தை அணைத்துப் போட்டால் அது அழிந்துபோகலாம், முதலில் எண்ணிவிட்டு அப்புறம் அணையுங்கள்.

வெப்பமாற்றியில் விரிசல், முழு ஹீட்டரையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். நம்பலாமா?

உண்மையாகவும் இருக்கலாம், உண்மையென்றால் அதை ஓட்டக் கூடாது. ஆனால் காட்டச் சொல்லுங்கள். கேமராவில் எடுத்த படம், புகையை அளந்த எண்கள், இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொல்லி, இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள் என்று அவசரப்படுத்தினால் இன்னொருவரைக் கூப்பிட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை, அதுவரை ஹீட்டரை அணைத்து வையுங்கள். மாற்றுவதென்று முடிவானால், பழையதன் அளவையே பார்த்து அதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்கிறவரைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டின் சுவர், ஜன்னல், சூடு வெளியேறாமல் தடுக்கும் வெப்பக்காப்பு எல்லாவற்றையும் வைத்து எவ்வளவு சூடு வெளியேறுகிறது என்று கணக்குப் போட்டு அளவு சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் பெரிய ஹீட்டர் ஐந்து நிமிடம் எரியும், அணையும், மறுபடி எரியும். பாகங்கள் சீக்கிரம் தேயும், ஓர் அறை வெந்துபோகும், அடுத்த அறை நடுங்கும்.

சர்வீஸுக்கு எப்போது கூப்பிட வேண்டும், வந்து என்ன செய்வீர்கள்?

குளிர் ஆரம்பிப்பதற்கு ஒரு மாதம் முன்னால். ஃபிளேம் சென்சாரைத் துடைப்பேன், பர்னரைச் சுத்தம் செய்வேன், கேஸ் அழுத்தத்தை அளப்பேன், வடிகுழாயைக் கழுவிவிடுவேன், எரிக்கவிட்டுப் புகையில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு இருக்கிறது என்று மெஷினை வைத்துப் பார்ப்பேன். லிமிட் ஸ்விட்ச் உண்மையிலேயே அணைக்கிறதா என்றும் சோதிப்பேன். ஒரு மணி நேரமாவது ஆகும். பத்து நிமிடத்தில் ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டு பில் நீட்டினால், அளந்த எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த வருடம் வருகிறவர் அந்தத் தாளைப் பார்த்தால் எது மாறியிருக்கிறது என்று உடனே பிடித்துவிடுவார், அதை ஹீட்டர் பக்கவாட்டிலேயே டேப் போட்டு ஒட்டிவையுங்கள்.